பாட்டியின் மரகதமா, புதிய வைரமா?

கேள்வி: எனக்கு இன்னும் இரண்டு மாதங்களில் நிச்சயதார்த்தம். மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் பாட்டி தம் நிச்சயதார்த்தத்தின்போது அணிந்த மரகத மோதிரத்தை எனக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். அதையே அணிய ஆசைப்படுகிறேன். எனக்கு நிச்சயிக்கப்பட்டிருப்பவரோ, ஒற்றை வைரம் பதித்த மோதிரம்தான் தொன்றுதொட்டு வரும் மரபு என்கிறார். பழைய மோதிரத்தைப் போட்டுக்கொண்டால் தாம் எதுவும் செய்யாதது போல ஆகிவிடும் என்றும் வருந்துகிறார். எது முறை? எந்தக் கையில் அணிய வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் மரபைப் பற்றிய கேள்வி ஒன்றும், அவருடைய மனத்தாங்கலைப் பற்றிய கேள்வி ஒன்றும் இருக்கின்றன. அவற்றோடு நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன். நாள் முழுவதும் நோயாளிகளைத் தொடும் உங்கள் கை எந்த மோதிரத்தைத் தாங்கும் என்பதே அது.

முதலில் மரபு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, மணம் பேசிய பெண்ணுக்கு இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் தம் காலத்திலும் இருந்ததாகவும், அதில் கல் எதுவும் பதிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார். வைரத்துக்கு முன்னோடியாகப் பலரும் சுட்டிக்காட்டுவது, 1477-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் மேக்சிமிலியன் பர்கண்டியின் மேரிக்கு அளித்த மோதிரத்தை. ஆனால் அது அரச குடும்பங்களின் கதை. தென்னாப்பிரிக்காவில் 1860-களின் இறுதியில் வைரம் கண்டெடுக்கப்பட்டு, அதன் பின்னர் பெரிய சுரங்கங்கள் தோண்டப்பட்ட பிறகுதான் அந்தக் கல் பெருமளவில் சந்தைக்கு வந்தது. ஒற்றை வைரத்தை, நகங்கள் எனப்படும் ஆறு சிறு உலோகப் பிடிகள் மேலே உயர்த்திப் பிடித்திருக்கும் அமைப்பை டிஃபனி என்ற நகை நிறுவனம் 1886-இல் அறிமுகப்படுத்தியது. உங்களுக்கு நிச்சயிக்கப்பட்டவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த வடிவமாகத்தான் இருக்கும். வைரம் இல்லாமல் நிச்சயதார்த்தமே இல்லை என்ற எண்ணம் அதற்கும் பின்னால் வந்தது. டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக ஃபிரான்சிஸ் கெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் 1947-இல் எழுதிய, வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற பொருள் தரும் ஒற்றை வாசகத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே, அவர் தொன்மை என்று நம்புவதற்கு வயது சில தலைமுறைகள்தாம். இதைச் சொல்வதால் வைரத்தின் அழகு குறைந்துவிடாது. மரபு என்ற சொல்லைக் காட்டி உங்கள் விருப்பத்தை மறுப்பதற்கு இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மரகதத்துக்கும் பெருமை குறைவில்லை. விக்டோரியா அரசிக்கு, அவரை மணக்கவிருந்த ஆல்பர்ட் நிச்சயதார்த்தத்துக்காக அணிவித்தது பாம்பு வடிவப் பொன் மோதிரம்; அதில் மரகதம் பதிக்கப்பட்டிருந்தது. 1981-இல் டயானா தேர்ந்தெடுத்த நீலக்கல் மோதிரத்தை, 2010-இல் அவருடைய மகன் வில்லியம் தாம் மணக்கவிருந்த கேத்தரினுக்குக் கொடுத்தார். தாயின் மோதிரத்தைக் கொடுத்ததால் மணமகன் எதுவும் செய்யவில்லை என்று யாரும் எண்ணவில்லை. அந்த மோதிரத்தை உலகமே கொண்டாடியது. இந்தச் செய்தியை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

எந்தக் கை என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஜெர்மனியில் நிச்சயதார்த்தத்தின்போது இடக்கையில் அணிந்து, திருமணத்தின்போது வலக்கைக்கு மாற்றுவார்கள். பிரேசிலில் வலக்கையில் தொடங்கி இடக்கைக்குப் போகும். மோதிர விரலிலிருந்து இதயத்துக்கு நேராக ஒரு நுண்ணிய நரம்பு ஓடுகிறது என்பது பண்டைக் காலத்து நம்பிக்கை. உடற்கூறு படித்த உங்களுக்கு அப்படி ஒன்று இல்லையென்று தெரியும். எனவே, நீங்கள் அதிகம் வேலை செய்யாத கையில் அணியுங்கள். மோதிரம் தேயாமல் இருக்கும்.

இனி உங்கள் பணி. நோயாளிகளைக் கவனிக்கும்போது மோதிரம் அணிவதைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் கைச் சுகாதாரம் குறித்த தன் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் வலியுறுத்துகிறது. மோதிரத்துக்கு அடியில் உள்ள தோலில் கிருமிகள் கூடுதலாகத் தங்குவதே காரணம். சாதாரணப் பணிகளின்போது கல்லில்லாத திருமண மோதிரத்தை ஏற்கலாம் என்றும், அறுவை அரங்கு போன்ற இடங்களில் எல்லா மோதிரங்களையும் கழற்றிவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. உயர்ந்து நிற்கும் கல் கையுறையைக் கிழிக்கக்கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆக, அவர் விரும்பும் வைரமும் சரி, நீங்கள் விரும்பும் மரகதமும் சரி, பணிநேரத்துக்கு உதவாது.

அதிலும் மரகதம் சற்று மென்மையான கல். கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரத்தின் கடினம் 10, நீலக்கல்லின் கடினம் 9, மரகதத்துக்கு ஏழரை முதல் எட்டு வரை. கடினத்தைவிடக் கவலைக்குரியது, அதனுள் இயற்கையாகவே இருக்கும் நுண்ணிய விரிசல்கள். அவை வெளியே தெரியாமல் இருப்பதற்காகப் பெரும்பாலான மரகதங்களில் எண்ணெய் ஏற்றுகிறார்கள். நீங்கள் நாள்தோறும் பலமுறை தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி அந்த எண்ணெயை மெல்ல மெல்ல வெளியேற்றிவிடும். அதன் பின்னர் விரிசல்கள் வெளுப்பாகத் தெரியத் தொடங்கும். சூடும் அதற்கு ஆகாது. மோதிரத்தை உங்கள் விரலுக்கேற்பப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டியிருந்தால், நெருப்புக் காட்டுவதற்கு முன் கல்லைக் கழற்றிவிடுமாறு பொற்கொல்லரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஒலியலை எந்திரத்தில் போட்டுச் சுத்தம் செய்யவும் விடாதீர்கள். வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியுமே போதும்.

பழைய மோதிரங்களில் கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து காகிதம்போல் மெலிந்திருக்கும். என் மோதிரத்தில் அப்படி மெலிந்த நகம் ஒன்று துணி அலசும்போது நிமிர்ந்து, கல் நீரோடு போய்விட்டது. அன்று வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு பருத்தி நூலைக் கல்லைச் சுற்றி மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் எங்கேனும் மாட்டினால், அந்த நகம் தூக்கியிருக்கிறது என்று பொருள்.

இங்கேதான் அவருடைய வருத்தத்துக்கும் வழி இருப்பதாக நினைக்கிறேன். நகங்களை எடுத்துவிட்டு, மரகதத்தின் விளிம்பு முழுவதையும் பொன் அணைத்துக்கொள்ளுமாறு தாழ்வாகப் பதித்தால், கல்லுக்கும் பாதுகாப்பு, கையுறைக்கும் துணிக்கும் தொல்லையில்லை. அந்தப் புதுப்பிப்பை அவரே முன்னின்று செய்துதரட்டும். உங்கள் பாட்டியின் கல்லும் அவர் செய்வித்த பொன்னும் ஒரே மோதிரமாகும். ஸ்வீடனில் நெடுங்காலமாக உள்ள வழக்கப்படி, மணம் பேசிய இருவருமே கல்லில்லாத பொன் வளையம் ஒன்றை அணிந்துகொள்ளலாம் என்றும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். மருத்துவமனை அனுமதிக்கும் பணிநேரங்களில் உங்கள் விரலில் அந்த வளையம் இருக்கும். மற்ற நாட்களில் மரகதம் இருக்கும். வைரத்தின் மீது அவருக்கு உண்மையிலேயே ஆசை என்றால், மரகதத்தின் இருபுறமும் சிறு வைரங்களைச் சேர்ப்பதிலும் தவறில்லை. ஆனால் அது உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும்.

பொற்கொல்லரிடம் நீங்கள் தனியே போகாமல் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். விரலின் அளவை மாலையில் எடுக்கச் சொல்லுங்கள். காலைக் குளிரில் விரல் சற்று மெலிந்திருக்கும். அளவெடுத்து முடிந்ததும், உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி அவர் கையில் கொடுத்து, மரகதத்தின் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அந்த விரிசல்களும் படலங்களும் இலையும் கொடியுமாகப் பின்னிக் கிடப்பதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் தோட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை அவசரப்படுத்தாதீர்கள்; அதன் பிறகு, உங்கள் பாட்டி அந்த மோதிரத்தை எப்படியெல்லாம் அணிந்திருந்தார் என்பதைச் சொல்லுங்கள்.