யானைப்பாகனும் அன்னப்பறவையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது கற்பனை என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பழைய நூல்களில் விலங்குகளைப் பற்றி இருப்பதெல்லாம் கட்டுக்கதைதானா? என் நண்பர் ஒருவர், எல்லாமே அறிவியல், நம்மிடமிருந்துதான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான் என்று சாதிக்கிறார். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

க.

அன்புள்ள க.,

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பழைய நூலில் உள்ள ஒரு வரி தப்பாக இருந்தால் யாருக்கு அடி விழும்?

அன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்விக்குக் கரையில்லை, வாழ்நாளோ கொஞ்சம், அதனால் 'நீரொழியப் பாலுண் குருகின் தெரிந்து' படியுங்கள் என்கிறது நாலடியார். பறவை உண்மையில் பாலைப் பிரிக்காவிட்டாலும் அந்த அறிவுரைக்கு ஒரு குறையும் இல்லை. யாரும் கிண்ணத்தில் ஊற்றி வைத்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. தாமரைத் தண்டை ஒடித்தால் வடியும் பாலைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான், ஆனால் கவிதைக்கு எதற்கு வக்கீல்?

யானை விஷயம் வேறு. அரசாட்சி பற்றிய பழைய நூலான அர்த்தசாஸ்திரம் 7 முழ உயரம், 9 முழ நீளம், 10 முழச் சுற்றளவு, 40 வயது உள்ள யானையே உத்தமம் என்கிறது. குட்டி, நோயாளி, கருவுற்ற பிடி (பெண் யானை), பால் கொடுக்கும் பிடி, இவற்றைப் பிடிக்காதே என்றும் சொல்கிறது. அரசன் காசு போட்டு வாங்கும் சரக்கு, கணக்கு தப்பக்கூடாது. யானைக்கு மதம் பிடிப்பதைப் பற்றி இன்னும் கவனம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கசியும் மதநீரையும் அதோடு வரும் மூர்க்கத்தையும் நம் நூல்கள் விடாமல் சொல்கின்றன. யானைகளைப் பற்றிய கேரளத்து நூலான மாதங்கலீலை மதம் ஏறுவதைப் படிப்படியாகவே பிரித்துக் காட்டுகிறது. ஒரு படியைத் தவறாகக் கணித்த பாகன் வீடு திரும்பமாட்டான்.

ஆப்பிரிக்க யானைக்கு மதம் இல்லை என்றே விலங்கியலாளர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கென்யாவின் அம்போசெலியில் யானைகளைக் கவனித்து ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் அதற்கும் மதம் உண்டு என்று 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியது 1981இல்தான். உங்கள் நண்பர் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பார். அவசரப்பட வேண்டாம். நம்மவர்கள் ஆப்பிரிக்க யானையை ஆராயவில்லை. கொட்டிலில் கட்டிப்போட்ட நம் யானையைத் தினமும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அதோடு, அதே மாதங்கலீலைதான் யானைகள் ஒரு காலத்தில் பறந்தன என்றும் சொல்கிறது. ஆலமரக் கிளையில் போய் உட்கார்ந்தன, கிளை முறிந்தது, கீழே இருந்த தீர்க்கதபசு முனிவர் சபித்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. யானை ஏன் பறப்பதில்லை என்பதைத் தப்பாகச் சொன்னால் எந்தப் பாகனும் சாகப்போவதில்லை, அதனால் கதை தன்பாட்டுக்குச் சிறகடிக்கிறது.

சரி, இந்த அளவுகோல் இடறும் இடமும் உண்டு. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை (6ஆம் நூற்றாண்டு) 54ஆம் அதிகாரத்தில் நிலத்தடி நீரைத் தேடச் சொல்லித்தருகிறது. நாவல் மரத்துக்குக் கிழக்கே பக்கத்தில் கரையான் புற்று இருந்தால், தெற்குப் பக்கத்தில் இரண்டு ஆள் ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைக்குமாம். தோண்டும்போது அரை ஆள் ஆழத்தில் ஒரு மீன், அப்புறம் புறா நிறக் கல், கருநீல மண். கரையானுக்கு ஈரம் இல்லாமல் முடியாது என்பது உண்மை. மண்ணடுக்கு வரிசை கிணறு வெட்டுகிறவன் கண்ணில் பட்டதாகவே தோன்றுகிறது. அந்த மீன் எப்படி வந்தது? தவறினால் கூலியும் உழைப்பும் போகிற வேலைதான் இதுவும். ஆனால் தண்ணீர் கண்ட கிணறு ஊரெல்லாம் பேசப்படும், வறண்ட குழியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வறண்ட குழிகளை எண்ணி எழுதிவைத்திருந்தால் இது முழு அறிவியலாகியிருக்கும். அந்தக் கணக்கை வராகமிகிரர் தரவில்லை.

உங்கள் நண்பரை அந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். மீனுக்கு அவர் என்ன விளக்கம் சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.