அயாவாஸ்கா: மனிதர்களைப் புரியவைக்குமா?

கேள்வி: பெருவில் இக்கிடோஸ் அருகே ஒரு முகாமில் அயாவாஸ்கா என்ற, மனநிலையை மாற்றும் மூலிகைப் பானம் குடிக்க என் கணவர் பணம் கட்டிவிட்டார். சிந்தனை தெளியும், மற்றவர் மனசு புரியும் என்கிறார்கள். மனச்சோர்வுக்குத் தினமும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை 10 மி.கி. எடுக்கிறார். போகலாமா?

பதில்: அந்த மாத்திரையோடு கூடாது. அயாவாஸ்காவில் இரண்டு செடிகள் சேர்கின்றன. ஒன்று சக்ருனா என்ற செடி, மற்றொன்று ஒரு கொடி. சக்ருனா இலையில் இருக்கும் டி.எம்.டி. என்ற மாயக்காட்சி தரும் பொருளைக் குடலும் கல்லீரலும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியால் சிதைத்துவிடும். அதனால் அந்த இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் மயக்கம் ஏறாது. கொடியில் உள்ள ஹார்மின் என்ற பொருள் அந்த நொதியைத் தடுக்கிறது. செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான். எஸ்சிட்டலோபிராமும் செரோடோனினைக் கூட்டுவதால் இரண்டும் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, படபடப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ட்ரமடால் என்ற வலி மாத்திரைக்கும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் சிரப்புக்கும் இதே எச்சரிக்கை. அதற்காக மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது: தலைசுற்றும், மனச்சோர்வு திரும்பலாம். மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதய நோயோ, குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனை மனநோயோ (பைபோலார்) இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

சிந்தனைக்கு வருவோம். குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, நாலைந்து மணி நேரம் நீடிக்கும், வாந்தி சகஜம். அந்நேரம் ஒரு போன் நம்பரை மனசில் வைத்துக்கொள்வதே சிரமம். புதுப்புது யோசனைகள் கிளம்பும். ஆனால் பலவற்றிலிருந்து சரியான ஒரு விடையைப் பிடிக்கும் திறன் குறையும் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொன்னது. 'எல்லாம் தெளிந்துவிட்டது' என்ற உறுதி அந்த பானம் தரும் உணர்வு. அது தெளிவுக்குச் சான்று ஆகாது.

பிறர் மனசு? 2021-இல் போலி மருந்தோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில், வேதனைக் காட்சிகளைப் பார்த்து உருகும் தன்மை அயாவாஸ்கா குடித்தவர்களிடம் கூடியது. மனநல முன்னேற்றமோ போலி மருந்து குடித்தவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவு தெரிந்தது; பலரோடு ஒன்றாக உட்கார்ந்ததும் எதிர்பார்ப்புமே பாதி வேலையைச் செய்திருக்கலாம். உருகுவது வேறு, எதிராளியைச் சரியாகக் கணிப்பது வேறு. 'அப்பா ஏன் அப்படி நடந்தார் என்று புரிந்தது' என்று வந்து சொன்னால், அப்பாவிடமே கேட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களுக்கு ராஜினாமா, விவாகரத்து, சொத்து விஷயங்களில் கையெழுத்து வேண்டாம். அந்த மயக்கத்தில் முகாம் நடத்துபவர் சொல்வதெல்லாம் வேதவாக்காகத் தோன்றும். பாலியல் அத்துமீறல்களும் பதிவாகியுள்ளன.

புறப்படும் முன் மாத்திரைப் பட்டியலைக் கேட்காத முகாம் என்றால் பணம் போனாலும் பரவாயில்லை, போகவேண்டாம். பாட்டிலில் ஊருக்குக் கொண்டுவரவும் கூடாது, இந்தியாவில் டி.எம்.டி. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.