வாங்கும் முன் கேளுங்கள்: 8 ஆம் நம்பர் ஊசி

ஸ்வெட்டர் பின்னச் சாம்பல் நிறத்தில் ஆறு உருண்டை நூல் வாங்கினேன். ஒரு கை பாக்கி இருக்கையில் நூல் தீர்ந்தது. அதே கம்பெனி, அதே ஷேட் நம்பரில் இன்னும் இரண்டு வாங்கிப் பின்னினால் அந்தக் கை மட்டும் வெளுத்துத் தெரிகிறது. கடைக்காரர் மாற்றித் தர வேண்டாமா? (வாசகி, ஆர்.கே.புரம்)

வேண்டாம். ஷேட் நம்பர் பக்கத்திலேயே லாட் நம்பர் இருந்திருக்கும். ஒரே தடவை சாயம் போட்ட நூலுக்குத்தான் ஒரே லாட். அதைப் பார்க்காதது நீங்கள். இரண்டு கைகளையும் பிரித்து, பழைய நூலும் புதிய நூலும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், வித்தியாசம் அமுங்கிவிடும். அடுத்த முறை ஒரு உருண்டை கூடுதலாக வாங்குங்கள். பிரிக்காத உருண்டையைத் திரும்ப எடுப்பாரா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பேட்டர்னில் 8 ஆம் நம்பர் ஊசி என்று இருந்தது. சதர் பஜாரில் 8 ஆம் நம்பரே கேட்டு வாங்கினேன். எனக்குப் பின்னியது என் பையனுக்குத்தான் சேரும் போலிருக்கிறது. (வாசகி, மயூர் விஹார்)

இந்த நம்பர் விவகாரத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு. நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் 8 என்றால் 4 மி.மீ., நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு நேர் எதிர்: நம்பர் ஏறினால் தடிக்கும், 8 என்றால் 5 மி.மீ. நம் ஊர் 6 தான் அவர்களுடைய 8. இந்த ஒரு மி.மீ. என்ன செய்யும்? 10 செ.மீ.க்கு 18 கண்ணி (ஊசியில் விழும் வளையம்) என்று பேட்டர்ன் சொன்னால் 180 கண்ணிக்கு மார்புச் சுற்று 100 செ.மீ. மெல்லிய ஊசியில் 22 கண்ணி விழுந்தால் அதே 180 கண்ணி 82 செ.மீ.க்குள் முடிந்துவிடும். ஊசியில் மி.மீ. அச்சிடாமல் வெறும் நம்பரை மட்டும் போட்டு விற்பவர்களை என்ன சொல்வது! கடையில் மி.மீ. சொல்லிக் கேளுங்கள், துளை போட்ட அளவுத் தகடு ஒன்று கையில் இருக்கட்டும். தகடு இல்லாத காலத்தில் நான் வாங்கிய மூன்று ஜோடி இன்னும் டிராயரில் தூங்குகிறது.

அளவு பார்க்க மாதிரித் துண்டு பின்னாமல் நேரே ஆரம்பிக்கலாமா? (வாசகர், முனீர்க்கா)

தாராளமாக. முடித்தபின் யாருக்குச் சேர்கிறதோ அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆன்லைனில் ‘நூறு சதவீதம் கம்பளி’ என்று வாங்கிய நூல் வழுவழுவென்று பளபளக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, கரோல்பாக்)

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், நெருப்பை விலக்கினால் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகி, கறுத்த கெட்டி மணியாக நிற்கும். மணி நின்றால் லேபிள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பிரிக்காத ஓர் உருண்டை மூன்றையும் பத்திரப்படுத்தி, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 2020 மின்வணிக விதி அது. நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டு நிற டிசைன் சுருங்கி இழுக்கிறது. நூல் மட்டமா? (வாசகி, ஜனக்புரி)

நூல் மேல் பழி வேண்டாம். பின்பக்கம் ஓடும் நூலை இறுக்கியிருக்கிறீர்கள். நிறம் மாற்றும் முன் வலது ஊசிக் கண்ணிகளை விரித்து வையுங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடினால் நடுவில் ஒருமுறை இரண்டு நூலையும் முறுக்கிப் பிடியுங்கள். டிசைன் வரிசைக்கு மட்டும் அரை மி.மீ. தடித்த ஊசி. அக்ரிலிக்காக இருந்தால் அயர்ன் பண்ணிச் சரிசெய்யப் போகாதீர்கள், துணி தொய்ந்துவிடும்.

சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. கடையில் ‘விற்றது திரும்ப எடுக்கப்படாது’ என்கிறார்கள். பில் வாங்கவில்லை. (வாசகர், லட்சுமி நகர்)

அந்தப் பலகைக்கு மதிப்பில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் பில் ஏன் வாங்கவில்லை? யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள்.