திருகைக் குழி

அன்புள்ள அக்கா,

டப்ளினில் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் நானும் மனைவியும் கிளேர் கவுண்டியில் இருக்கும் பாலிவான் என்ற கிராமத்தில் இரண்டு இரவு தங்கினோம். பத்து கிலோமீட்டருக்குள் போல்னாப்ரோன் கல்திட்டை, கற்காலத்துக் கல்லறை. ‘துயரத்தின் குழி’ என்று பொருளாம். அதன் முன்னால் நின்றபோது இனம்புரியாத சோகம் எங்களைக் கவ்விக்கொண்டது. வந்த ஞாபகமாகப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு கல்திட்டை நாங்களும் கட்டினோம், படம் இணைத்திருக்கிறேன். நம் ஊரிலும் இதே போல இருக்கிறதே, பழங்காலத்தில் ஏதாவது தொடர்பு இருந்திருக்குமா? இதைப் பயணக் கட்டுரையாக எழுதிப் பார்த்தேன், உயிரே இல்லை. எப்படி எழுதுவது? அடுத்து நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேட்டுக்குப் போகலாமா, மோஹர் கடலோரப் பாறைகளுக்கா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

* * *

அன்புள்ள தம்பி,

கடிதத்தை விடப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். உங்கள் மனைவி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலடியில் நான்கு கல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டியிருக்கக் கூடாது. அந்தச் சுண்ணாம்புப் பாறைத் தளத்தில் மண் என்று இருப்பதே இடுக்குகளில்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் மே மாதம் அந்த நீல ஜென்ஷியன் பூக்கிறது. நீங்கள் ஒன்று கட்டினால் பின்னால் வருகிறவர் இரண்டு கட்டுவார். இப்படியே அசலைச் சுற்றிப் போலிகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டவில்லை என்கிற நிம்மதியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைவரிசை. கோயில் சுவரில் பெயர் கிறுக்குகிறவனை எவ்வளவு திட்டியிருப்பீர்கள்? நீங்கள் பெயர் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொடர்பு கிடையாது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லைப் போட யாரும் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. இதை இத்தோடு விடுவோம்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்தத் துயரத்துக்காக. சில வருடங்களுக்கு முன் நானும் அதே கிராமத்தில் தங்கினேன். மூன்று நாள் மழை. நானும் அந்தக் கல்லின் முன்னால் நின்று, நானும் கனத்த மனதோடு திரும்பி, ‘துயரத்தின் குழி’ என்றே தலைப்பு வைத்து எழுத ஆரம்பித்தேன். தங்கிய வீட்டுக்கார அம்மாள் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார். துயரமாவது, மாவு அரைக்கிற கல் என்றார்.

ஐரிஷில் ‘ப்ரோன்’ என்றால் துயரம். ‘ப்ரோ’ என்றால் திருகை. ஆனால் ஆறாம் வேற்றுமையில் ப்ரோவும் ‘ப்ரோன்’ ஆகிவிடும். அங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். ‘போல் ந ப்ரோன்’ என்பதில் நடுவிலிருக்கும் ‘ந’ பெண்பால் பெயருக்கு முன் வருவது. திருகை பெண்பால், துயரம் ஆண்பால். துயரம்தான் என்றால் ‘ந’ இருந்த இடத்தில் ‘அன்’ வந்திருக்கும். ஒற்றை எழுத்து நின்று சாட்சி சொல்கிறது, யாருக்குக் காது இருக்கிறது? திருகைக் குழி என்று போட்டால் யார் காரை நிறுத்துவார்கள்?

பரென் என்ற அந்தப் பாறை நாட்டுக்கே இந்த அநியாயம் நடந்திருக்கிறது. 1651-இல், அயர்லாந்தின் மேல் படையெடுத்த ஆங்கிலேயர் க்ராம்வெல்லின் தளபதி லட்லோ அந்தப் பக்கம் வந்துவிட்டு, ஒருவனை முக்கிக் கொல்லத் தண்ணீரில்லை, தூக்கில் போட மரமில்லை, புதைக்க மண்ணில்லை என்று எழுதினான். எல்லாரும் அதையே எடுத்துப் போடுகிறார்கள். அவன் அடுத்தாற்போலவே அங்கத்து மாடுகள் கொழுத்திருப்பதையும், பாறைக்கு நடுவில் முளைக்கும் புல் அவ்வளவு ருசி என்பதையும் எழுதியிருக்கிறான். அதை யாரும் சொல்வதில்லை. கோடையெல்லாம் கீழே மேய்ந்த மாடுகளை அங்கே குளிர்காலத்தில் மேலே ஏற்றுகிறார்கள், கோடைச் சூட்டைப் பாறை பிடித்து வைத்திருக்கும் என்பதால். மாடு புல்லைக் கடித்து வைப்பதால்தான் வசந்தத்தில் பூவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

சரி, துயரமே இல்லையா? இருக்கிறது. நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. நீங்கள் பார்த்த கல்திட்டையின் முன்கால் கற்களில் ஒன்றே மாற்றுக்கல் தெரியுமா? 1985-இல் விரிசல் கண்டு, 1986-இல் ஆன் லிஞ்ச் என்ற தொல்லியலாளர் தலைமையில் தோண்டினார்கள். உள்ளே 30-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். கி.மு. 3800-க்கும் 3200-க்கும் இடைப்பட்டவை. பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டவில்லை. ஓர் இடுப்பெலும்பில் கல் ஆயுத முனை குத்தியபடியே இருந்தது. இதெல்லாம் பலகையிலேயே போட்டிருப்பார்கள், படித்திருப்பீர்கள்.

2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அந்த எலும்புகளின் மரபணுவைப் படித்தார்கள். அதில் ஓர் ஆண் குழந்தை. ஆறு மாதம் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு. தாய்ப்பால் குடித்ததற்கான தடயம் எலும்பில் இருந்தது. சுமார் 5,500 வருடம் முன்னால். 600 வருடத்தில் முப்பது சொச்சம் பேர் என்றால் ஊரில் செத்த எல்லாரையும் அங்கே வைக்கவில்லை என்றுதானே அர்த்தம். வைத்தவர்களில் இவனும் ஒருவன்.

அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. என் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு மகன் இருந்தான். அந்தப் பெயரெல்லாம் எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். கல்யாண வீடுகளுக்கு அவனை அழைத்துப் போக மாட்டார்கள். வீட்டில் இருக்கும் ஒரே குடும்பப் படத்தில் அவனுடைய தோள் மட்டும் விழுந்திருக்கிறது, யாரோ இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஆச்சி மட்டும் உளுந்து உடைக்கும்போது அவனை எதிரே உட்கார வைத்துக்கொள்வாள். திருகைக் குச்சியை இருவரும் சேர்ந்து பிடித்துச் சுற்றுவார்கள். அவன் கை நழுவும். ஆச்சி நிறுத்தி, ஒவ்வொரு விரலாக எடுத்து மறுபடி வைப்பாள். மேல்கல் குழியில் உளுந்தைப் போடுவது அவன் வேலை. பாதி தரையில் கிடக்கும். ஒரு நாளும் அதட்டியதில்லை. பத்தொன்பது வயதில் போய்விட்டான்.

கேள்விகள். நியூகிரேஞ்சுக்குப் போங்கள். குளிர்கால விடியலில் வெயில் உள்ளே நுழைவதை நின்று பார்க்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மற்ற நாட்களில் மின்விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள், அதுவும் பரவாயில்லை. மோஹர் ஓடிப்போகாது.

கட்டுரையில் ஏன் உயிரில்லை என்கிறீர்கள். இரண்டு இரவு தங்கிய பாலிவானைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஊர்ப் பெயரைத் தவிர எதுவுமே இல்லையே! யார் வீட்டில் தங்கினீர்கள், அவர்கள் என்ன பேசினார்கள், கடல் வற்றும்போது படகுத்துறை எப்படி இருந்தது? அக்டோபர் கடைசியில் மாடுகளை ஏற்றும் சமயம் இன்னொரு முறை போங்கள். அப்படியே அந்த நான்கு கல்லையும் பிரித்து, எடுத்த இடத்தில் படுக்க வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா