கீழே விழவில்லை, ஆனாலும் முதுகு வலி: எலும்புப்புரை மட்டும்தான் காரணமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. சில ஆண்டுகளாக எலும்புப்புரை இருக்கிறது. முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டார்கள். வீடு மாறிய பிறகு அது விட்டுப்போய்விட்டது. கால்சியம் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார். இரண்டு வாரமாக நடு முதுகில் கடுமையான வலி. விழவில்லை, அடிபடவும் இல்லை. "எலும்பு தேய்ந்திருக்கிறது, வயதானால் அப்படித்தான்" என்கிறார்கள். தைலம் தேய்த்துச் சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரை சத்தமில்லாத நோய். எலும்பு முறியும் வரை அது வலிப்பதில்லை. புதிதாக ஒரு வலி வந்திருக்கிறது என்றால், அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் முள்ளெலும்பு (முதுகெலும்பில் அடுக்கியிருக்கும் சிறு எலும்புகளில் ஒன்று) முறிவு. இதற்கு விழவே தேவையில்லை. குளியலறையில் வாளியைத் தூக்குவது, விடாத இருமல், பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையில் ஒரு குலுக்கல், இவையே போதும். நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு இடுப்புப் பகுதியோடு சேரும் இடத்தில்தான் இது அதிகம். படுத்தால் வலி குறையும். எழும்போதும் புரளும்போதும் சுள்ளென்று பிடிக்கும். சிலருக்கு விலாவைச் சுற்றி வயிறு வரை வலி பரவுவதால், வாயுத் தொல்லை என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். எக்ஸ்ரேயில் புது முறிவு சில நேரம் தெரியாது, தெரிந்தாலும் அது புதிதா பழையதா என்று சொல்வது கடினம். எம்ஆர்ஐ அதைக் காட்டிவிடும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஊசிதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் பெரும்பாலும் எலும்பு கரைவதைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற மருந்தாக இருக்கும். அது எலும்பில் தங்குவதில்லை. அடுத்த ஊசி தவறினால், அதுவரை அடங்கியிருந்த எலும்பு கரைதல் முன்பைவிட வேகமாகத் திரும்பும். ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறிவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு மாதம்கூடத் தாமதிக்கக் கூடாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், ஸோலெட்ரோனிக் அமிலம் போன்ற வேறு மருந்தை உடனே தொடர வேண்டும். இதை வீட்டாரிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். பழைய சீட்டைத் தேடி எடுங்கள். மருந்தின் பெயரும் கடைசியாகப் போட்ட தேதியும் உங்கள் மருத்துவருக்கு மிக முக்கியம். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்த பிறகே போட வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: மூட்டுவலிக்கு என்று பெயர் ஒட்டாத மாத்திரையோ பொடியோ அம்மா சாப்பிட்டாரா? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு நொறுங்கும்.

சரி, எலும்புப்புரைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. படுத்திருந்தாலும் குறையாத, இரவில் எழுப்பிவிடும் வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயையும் பார்க்க வேண்டும். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் எலும்புப்புரை போலவே வேஷம் போடும். ரத்தசோகையும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் கிரியாட்டினின் உயர்வும் சேர்ந்திருந்தால், சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற ரத்தப் புரதப் பரிசோதனை செய்யச் சொல்வோம். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் உடம்பெல்லாம் வலித்து, தரையிலிருந்து எழ முடியாமல் தொடை தளரும். முதுகின் ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் அக்கியாக இருக்கலாம். கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே வலி தொடங்கிவிடும்.

கால் தளர்ந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் வரை குனிந்து எதையும் தூக்க வேண்டாம். முதுகைப் பிடித்துவிடுவது, பேரனை ஏறி மிதிக்கச் சொல்வது கூடவே கூடாது. அதற்காகப் படுத்தே கிடப்பதும் தவறு, எலும்பு இன்னும் பலவீனமாகும். வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடக்கட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் இந்த வயதில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். முறிவு வலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தணிந்துவிடும்; அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால், மீண்டும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.