தைத்தவளுக்கு எவ்வளவு?

வணக்கம்.

எனக்கு 51 வயது, வங்கியில் வேலை. பத்து வயதில் மாமா பினாங்கிலிருந்து ஒரு பார்பி கொண்டுவந்தார். அதில் ஆரம்பித்தது, இன்று 62 பொம்மைகள். பாதிக்கு மேல் பெட்டியே பிரிக்காதவை. சொந்தக்காரர்கள் ‘பொம்மைக்காரி’ என்று கிண்டல் செய்கிறார்கள். இப்படி ஒரு இடுப்பு உலகத்தில் யாருக்காவது உண்டா என்று மகள் சண்டைக்கு வருகிறாள். மாமா தந்த பொம்மையின் பின்பக்கம் 1966 என்று இருக்கிறது. நல்ல விலை போகுமா? மற்றவற்றின் பெட்டியைப் பிரித்தால் மதிப்புக் குறையுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1966 என்பது அந்த உடலமைப்புக்கு, பார்பியைச் செய்கிற மாட்டல் கம்பெனி உரிமை பதிந்த வருஷம், பொம்மை செய்த வருஷம் இல்லை. 90களில் வந்த பொம்மையிலும் அதே எண் இருக்கும். பெட்டியைப் பிரித்தால் விலை குறையும், ஆமாம். இடுப்புச் சண்டையை நீங்களும் மகளும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பொம்மைக்காரி நல்ல பேர்தானே? உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். 62 பொம்மை வைத்திருக்கிறீர்கள், கடிதத்தில் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! விலை, வருஷம், பெட்டி. நகை அடகு வைக்க வந்தவரிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது.

பார்பியை உருவாக்கிய ரூத் ஹாண்ட்லர் 1956இல் சுவிட்சர்லாந்தில் லில்லி என்ற ஜெர்மன் பொம்மையைப் பார்த்து, அதையே மாதிரியாக எடுத்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தைக்குப் பார்பி வந்தபோது விலை 3 டாலர். அந்தக் காசுக்குக் கிடைத்த உடுப்பு கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடை மட்டும். மற்ற உடுப்புக்கெல்லாம் தனிக் காசு. வியாபாரமே அங்கேதான். அதற்காகவே சார்லட் ஜான்சன் என்ற வடிவமைப்பாளரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவர் வடிவமைத்ததை வீட்டில் உட்கார்ந்து தைத்தவர்கள் ஜப்பானியப் பெண்கள். பதினொன்றரை அங்குலப் பொம்மைக்கு உள்துணி வைத்த கவுன், நிஜமாகவே ஏறி இறங்குகிற ஜிப், மிளகைவிடச் சின்னப் பொத்தான். ஜான்சன் பேரை நான் இங்கே எழுதிவிட்டேன். அந்தப் பொத்தானைத் தைத்தவள் பேரை எழுத வழியில்லை.

என் அம்மா மதுரையில் ஒரு டெய்லர் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுத்தாள். கொக்கி, ஹெம்மிங், எல்லாம் பீஸ் கணக்கு. சித்திரைப் பொருட்காட்சியில் அவள் எனக்கு வாங்கித் தந்தது பார்பியே இல்லை, அழுத்தினால் உள்ளே போகிற நகல். அதற்கு ரவிக்கைப் பிட்டில் பாவாடை சட்டை தைத்தாள். கடைக் கொக்கி அந்த முதுகுக்குப் பெரிது என்று நூலிலேயே முடிச்சுப் போட்டுக் கண்ணி வைத்தாள். சட்டைக்குள் பொம்மையின் கை நுழையாது, விரல் மாட்டும். மிட்டாய்த் தாளை அந்தக் கையில் சுற்றி நுழைத்தாள், வழுக்கிக்கொண்டு போனது. பெரிய சேகரிப்பாளர்களும் இன்றுவரை இதைத்தான் செய்கிறார்கள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் சம்பளத்தில் அசல் வாங்கினேன். இந்தியாவில் பார்பி விற்ற லியோ மாட்டல் கம்பெனியின் பெட்டி, உள்ளே சேலை கட்டிய பார்பி. சேலை நம்முடையது, முகம் அமெரிக்காக்காரியுடையது. அம்மாவுக்கு முகமெல்லாம் கணக்கில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேலையின் ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“எவ்வளவு?”

விலையைச் சொன்னேன்.

“அது இல்லடி. தச்சவளுக்கு எவ்வளவு?”

எனக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரி முழுக்க அதற்காக அவள்மேல் எரிச்சலாக இருந்தேன். என் சந்தோஷத்தில் எதற்குக் கூலிக் கணக்கு என்று. இருபது வயது, வேறென்ன தோன்றும்.

ஆர்., விற்பதாக இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை. மாமா தந்த பொம்மையின் பழைய சட்டை இன்னும் இருக்கிறதா? உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரம் எப்படி மடித்திருக்கிறது, எந்த இடம் மெஷின், எந்த இடம் கை என்று எனக்கு எழுதுங்கள். திரும்பப் போட்டுவிடும்போது இழுத்துக் கிழித்துவிடாதீர்கள். மிட்டாய்த் தாள் இருக்கிறதல்லவா?