போகிமேன் பூகிஸ்காரரா?

சொல் அரங்கம் – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து 'போகி' என்ற ஒரே சொல்லைக் கேட்டிருந்தன. சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கேள்வி: பூகிஸ் இனக் கடற்கொள்ளையருக்குப் பயந்த வெள்ளைக்கார மாலுமிகள், ஊர் திரும்பியதும் பிள்ளைகளை "பூகிஸ்மேன் வருகிறான்" என்று மிரட்டினார்களாம், அதுதான் ஆங்கிலத்தில் பூச்சாண்டியைக் குறிக்கும் 'போகிமேன்' ஆனதாம். புலனத்தில் வந்தது. என் மகள் பள்ளிக் கட்டுரையில் எழுதப் போகிறாள். எழுதலாமா ஐயா? – வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். காலக் கணக்கே இடிக்கிறது. ஸ்காட்லாந்து வழக்கில் 'போகில்' என்றால் இரவில் மிரட்டும் பேய். அது ஏறக்குறைய 1500-லேயே எழுத்தில் இருக்கிறது. அதற்கும் முன்பே இடைக்கால ஆங்கிலத்தில் 'பக்' என்றால் அச்சுறுத்தும் உருவம். 1535-இல் கவர்டேல் வெளியிட்ட ஆங்கில விவிலியத்தில் 91-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம் 'இரவின் பக்குகளுக்கு அஞ்ச வேண்டாம்' என்ற பொருளில் வரும். நம் தமிழ் விவிலியத்தில் அதே இடம் 'இரவில் உண்டாகும் பயங்கரம்'. ஆங்கிலேயக் கப்பல்தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டரின் கப்பல் பினாங்குக் கரையில் ஒதுங்கியது 1592-இல். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகவே அந்தப் பேய் ஆங்கிலேயர் வீட்டில் குடியிருந்திருக்கிறது.

அந்தக் குடும்பம் பெரியது. வட இங்கிலாந்தின் 'போகர்ட்' வீட்டில் தொல்லை கொடுக்கும் குட்டிப் பேய். 'பக்பேர்' கரடி வடிவில் மிரட்டுவது. 'போகில்' கண்ட குதிரை மிரண்டு நிற்பதிலிருந்து 'பாகில்' என்ற வினை வந்தது. இன்று மலைத்துப் போவதற்கு ஆங்கிலத்தில் அதைத்தான் சொல்கிறார்கள். 'போகி' என்ற வடிவம் 19-ஆம் நூற்றாண்டில் சாத்தானின் செல்லப் பெயராக அச்சில் வருகிறது. 'மேன்' அதற்கும் பிறகு ஒட்டியது.

பூகிஸ் மக்களுக்கும் இந்தக் கதை அநியாயம் செய்கிறது. இந்தோனேசியாவின் தென் சுலாவெசியைச் சேர்ந்த அவர்கள் கப்பலோட்டிகள், வணிகர்கள். 1766-இல் சிலாங்கூரின் முதல் சுல்தானாக முடிசூடிய ராஜா லூமு பூகிஸ் வம்சத்தவர். கட்டுரையில் எழுத அது நல்ல செய்தி.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். நாம் பிள்ளைகளுக்குப் 'பூச்சி காட்டுகிறோம்', பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம். ஆங்கிலத்திலும் 'பக்' என்றால் பூச்சி, பழைய வழக்கில் பேய். படிக்க இனிக்கும், ஆனால் உறவு கிடையாது. ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் பூகிஸ் கதையில்தான் போய் நிற்போம். எந்தச் சொல்லுக்கும் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஆண்டில், எந்த ஊரில் முதலில் எழுதப்பட்டது என்பதுதான்.

கேள்வி: கோல்ஃப் ஆட்டத்தில் 'போகி' என்றால் ஓர் அடி கூடுதல் என்கிறார்கள். பேய்க்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? – வாசகி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்

பதில்: இங்கே உண்மையான சம்பந்தம் இருக்கிறது அம்மா. 1890-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஹியூ ராதர்ஹாம் என்பவர், ஒவ்வொரு குழியையும் ஒரு நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிப்பார் என்று எண் குறித்துவைத்து, அந்த எண்ணோடு மோதலாம் என்றார். கிரேட் யார்மத் மன்றத்தின் செயலாளர் டாக்டர் பிரௌனுக்கு அது பிடித்துப்போனது. அப்போது இசைக்கூடங்களில் 'போகிமேன் வருகிறான்' என்ற பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. பிரௌனோடு ஆடிய மேஜர் வெல்மன், கண்ணில் படாமலே தன்னைத் தோற்கடிக்கும் இந்த எதிராளி அசல் போகிமேன்தான் என்று சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது. 1892-இல் அது கோஸ்போர்ட்டிலிருந்த படைவீரர் மன்றத்துக்குப் போனது. அங்கே உறுப்பினர் எல்லாருக்கும் ராணுவப் பதவி உண்டு. தப்பே செய்யாத ஆட்டக்காரர் கர்னலாகத்தானே இருக்க வேண்டும்? 'கர்னல் போகி' பிறந்தார். இங்கே சிலாங்கூர் கோல்ஃப் மன்றம் தொடங்கியது மறு ஆண்டு, 1893-இல்.

ஆக, முதலில் போகி என்பது எட்ட வேண்டிய இலக்கு. பிறகு ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்து, அடித்தால் வெகுதூரம் போகத் தொடங்கியது. முதல்தர ஆட்டக்காரருக்குரிய 'பார்' எண்ணை அமெரிக்கர் இறுக்கமாக வகுத்தனர். 'பார்' பங்குச் சந்தைச் சொல், சமம் என்று பொருள். பழைய போகி எண் நகராமல் நிற்க, அது 'பாரை விட ஒன்று அதிகம்' என்றாகிவிட்டது.

கணக்கு எங்கே பிசகுகிறது என்றால், தண்டனை அடியில். பார் 4 குழி. முதல் அடி குளத்தில் விழுகிறது: 1. தண்டனை: 2. பந்தைப் போட்டு அடிப்பது மூன்றாவது, அது குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்தரையை அடைகிறது. இரண்டு 'பட்' (மெல்லத் தட்டும் அடி) போட்டு உள்ளே தள்ளினால் 5, அதாவது போகி. தண்டனையை மறந்தவர் 4 என்று எழுதி 'பார்' என்று மகிழ்வார். எழுதும் அட்டையில் போகிக்கு எண்ணைச் சுற்றி ஒரு சதுரம், இரட்டைப் போகிக்கு இரண்டு. வட்டம் போட்டிருந்தால் அது பேர்டி, பாரை விட ஒன்று குறைவு. பார் 72 திடலில் 18 குழியும் போகி என்றால் மொத்தம் 90. வார இறுதியில் ஆடுபவருக்கு அது வெட்கப்படும் எண்ணே அல்ல.

பழைய கர்னலோடு மோதும் 'போகி போட்டி' விதிப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. குழியை வென்றால் +1, சமன் 0, தோற்றால் –1. ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனுக்கேற்ற சலுகை எண்) 10 என்றால், அட்டையில் கடின வரிசை 1 முதல் 10 வரை உள்ள குழிகளில் மட்டும் ஓர் அடி சலுகை. வரிசை 7-இல் உள்ள பார் 4 குழியை 5-இல் முடித்தால் 0. வரிசை 12-இல் அதே 5-க்கு –1. சமன் செய்ய வழியில்லை என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துவிட்டு நடங்கள், பின்னால் வருபவர்கள் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: சயாம் மரண ரயில் பற்றிய படத்தில் சீட்டியடித்துக்கொண்டு வருவார்களே, அந்த மெட்டுக்குப் பெயர் 'கர்னல் போகி' என்றார் தாத்தா. அதே கர்னலா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவரேதான். பிரிட்டிஷ் ராணுவ இசைக்குழுத் தலைவர் ரிக்கெட்ஸ், கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் 1914-இல் அமைத்த அணிநடை அது. கோல்ஃப் திடலில் ஒருவர் எச்சரிக்கைக் குரல் கொடுக்காமல் சீட்டியடித்த இரண்டு சுரங்கள்தான் அதன் தொடக்கம் என்று சொல்வார்கள். 1957-இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற அந்தப் படம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. சீட்டி அடிப்பவர்கள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கி அந்த ரயில் பாதை போட்ட பிரிட்டிஷ் கைதிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அந்தப் பாதையில் மாண்ட தமிழர்களுக்குத் திரையில் இடமில்லை. தாத்தாவிடம் அவர்களைப் பற்றிக் கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டு உறவினர்கள் ரயில் பெட்டியைப் 'போகி' என்கிறார்களே? போகிப் பண்டிகையும் இருக்கிறது. – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பேய், பண்டிகை, ரயில் மூன்றின் போகியும் வேறு வேறு. பண்டிகையின் போகி இந்திரனுடைய பெயர், போகங்களை நுகர்பவன். ரயில் போகி வட இங்கிலாந்தில் தாழ்வான தள்ளுவண்டிக்கு வழங்கிய சொல். அகராதிகள் அதைப் பேயோடு சேர்க்காமல் தனிச் சொல்லாகவே பதிகின்றன. சரியாகச் சொன்னால் அது பெட்டியல்ல, பெட்டிக்கு அடியிலிருக்கும் சக்கரச் சட்டம். ஒரு சட்டத்தில் இரண்டு அச்சு, நான்கு சக்கரம். பெட்டியின் இரு முனையிலும் ஒவ்வொன்று, ஆக எட்டுச் சக்கரம். சட்டம் நடுவில் திரும்பும். திரும்பாவிட்டால் நீளமான பெட்டி வளைவில் தண்டவாளத்தை உரசி இறுகும். இந்தியாவில் அடிச்சட்டத்தின் பெயர் மேலே ஏறி முழுப் பெட்டிக்கும் ஆகிவிட்டது. நம் ஊரில் பெட்டி, கோச் என்றே சொல்வோம்.

கேள்வி: டார்ட்ஸ் ஆட்டத்தில் 'போகி எண்' எது? – வாசகர், ஜெலுத்தோங்

பதில்: அம்பு எறிந்து எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து சுழியத்தில் முடிக்கும் ஆட்டம் இது. மிஞ்சும் எண்களில் மூன்று அம்பில் முடிக்கவே முடியாதவை போகி எண்கள். 170-க்குக் கீழே ஏழு: 159, 162, 163, 165, 166, 168, 169. கடைசி அம்பு இரட்டை வளையத்திலோ நடுப்புள்ளியிலோ விழ வேண்டும் என்பதால் வரும் சிக்கல் இது. 170 முடியும்: மும்மடங்கு 20 இரண்டு முறை (60, 60), நடுப்புள்ளி 50. 159-க்கு அப்படி வழியில்லை: 50-ஐக் கழித்தால் மிஞ்சும் 109-ஐ இரண்டு அம்பில் எடுக்க முடியாது. 60, 60 எடுத்தாலோ மிஞ்சுவது 39, அது ஒற்றைப்படை. கையில் ஓர் அம்பும் 179-ம் மிஞ்சினால் பழக்கத்தில் 20-ஐக் குறி பார்க்காதீர்கள். ஒற்றை 20 விழுந்தால் 159-இல் மாட்டிக்கொள்வீர்கள். 19-ஐப் பாருங்கள்: ஒற்றை விழுந்தால் 160, மும்மடங்கு விழுந்தால் 122, இரண்டையும் அடுத்த முறை முடித்துவிடலாம்.